ஏழாவது தட்டல்

இருபத்தாறு அறைக்கும் ஒரே வைஃபை.
பன்னிரண்டுக்கு மேல்
கடைசிக் குழந்தையின் கார்ட்டூன் ஓய்ந்தால்தான்
ரிசப்ஷன் மேசையில் என் டவுன்லோடு நகரும்.
நாற்பத்தொன்று சதவீதம்.
நாற்பத்தொன்று.
காந்தி ரோட்டில் ஓர் ஆட்டோ போய்
காலியாகத் திரும்பி வந்தது.
நாற்பத்திரண்டு.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ கேட்கிற எட்டு ஜிபியில்
என்னிடம் இருப்பது பாதி.
காட்பாடியில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது.
மே மாதம். மேசை ஃபேனை
என் பக்கமிருந்து லேப்டாப் பக்கம் திருப்பி வைத்தேன்.
வேலூரில் இதைவிடப் பெரிய தியாகம் கிடையாது.

லைசென்ஸ் ஏழு வந்தது.
எல்லாவற்றுக்கும் ஒய் தட்டினேன், ஒரு வரி படிக்கவில்லை.
படிக்காமல் கையெழுத்துப் போடுவது
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் புதிதில்லை.

பிறகு, ஜாவா எங்கே என்றது.
இங்கேதானே இருக்கிறது, சி டிரைவில்,
நேற்று நான்தானே இறக்கி வைத்தேன்?
இருக்கட்டும், வழி சொல் என்றது.
எந்த கேட், எந்த மாடி, ரத்தம் எடுப்பது எங்கே என்று
பகலெல்லாம் வழி சொல்கிறவன் நான்.
இதற்கும் சொன்னேன்.
ஒரு சாய்கோடு மாறிச் சாய்ந்து
இரண்டு இரவைத் தின்றது.

எமுலேட்டர் எழுந்திருக்கவே இல்லை.
பயாஸுக்குள் போய் எதையோ திறந்துவிட வேண்டுமாம்.
அதற்கு எஃப் டென்.
முன்பு வைத்திருந்தவர் வீட்டில் யாரோ
அந்த ஒரு விசையை மட்டும் பிடுங்கியிருக்கிறார்கள்.
பேனா முனையால் குத்திப் பார்த்தேன்.
தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைப் பற்றி அடுக்குவார்கள்;
கை இல்லாத போன் ஒன்று
அந்த வரிசையில் சேரும் என்று பார்த்தேன்.
சேரவில்லை.

ஆகவே நிஜ போன் வேண்டும்.
என்னுடையதில் ரப்பர் பேண்ட் கட்டினால்தான்
சார்ஜே ஏறும்.

மூன்றரைக்குப் பதினாலாம் நம்பர் இறங்கி வந்தார்.
நிதாய் மண்டல், மால்டா மாவட்டம்,
மனைவிக்குக் காலையில் ஸ்கேன்.
"தாதா, கொரோம் ஜோல்."
அவர் ஊரில் தாதா என்றால் அண்ணன்.
வேலைக்குச் சேர்ந்த வாரம் இது தெரியாமல்
யாரைத் தேடுகிறார்களோ என்று பயந்திருக்கிறேன்.
போனைக் காட்டி, பத்து விரலையும் விரித்தேன்.
பத்து நிமிஷமா, பத்து ரூபாயா என்றுகூடக் கேட்காமல்
கொடுத்துவிட்டார்.

செட்டிங்ஸ் முழுக்க வங்காளம்.
பல்சக்கரத்தைப் பிடித்து உள்ளே போனேன்.
எண்ணும் புள்ளியுமாய் நீளமாக ஓடுகிற வரி,
அதுதான் பில்டு நம்பர்.
ஏழு தடவை தட்ட வேண்டும்.
அவரையே தட்டச் சொன்னேன்.
ஏழாவதில் அடியில் ஒரு வரி மின்னியது.
எழுத்துக்கூட்டி வாசித்தார்.
கடைசிச் சொல் மட்டும் எனக்குப் புரிந்தது:
டெவலப்பர்.
"ஆமி?" என்று நெஞ்சைத் தொட்டார்.
மாம்பழ மண்டியில் கூடை எண்ணுகிறவர்.
நீங்களேதான் என்றேன்.
நாலு மாதமாக நான் ஆகப் பார்ப்பது.

கேபிளைச் செருகியதும்
இந்தக் கம்ப்யூட்டரை விடலாமா என்று
போன் அவரைக் கேட்டது.
செவ்வாய்க்கிழமை அவர் ஆதாரை வாங்கி
இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்தவன் நான்.
என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.
எப்போதும் என்கிற கட்டத்திலும் ஒரு டிக் போட்டார்.

பில்டு ஓடியது, பதினொரு நிமிஷம்.
இரண்டு பேரும் ஃபேனுக்கு வெளியே நின்றோம்.

வெள்ளைத் திரை, நடுவில் ஒரு நீலப் பொத்தான்.
அவர் எழுத்தில், எங்கிருந்தோ எடுத்து நான் ஒட்டிய
வெந்நீர்.
நாலு மாடி இறங்காமல் கேட்பதற்கு.
அழுத்தினார்.
பொத்தானுக்குப் பின்னால்
நான் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.
இன்னொரு தரம் அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.
எழுந்து போய்
ஃபிளாஸ்கை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன்.
"கூப் பாலோ" என்றார், போனைப் பார்த்து.

அடுத்த திங்கள் அறையைக் காலி செய்தார்கள்.
ரயில் ஆந்திராவைத் தாண்டியிருக்கும்,
அப்போதுதான் ஞாபகம் வந்தது:
டெவலப்பர் ஆப்ஷனை அணைக்கவில்லை.

மால்டாவில் ஏதோ ஒரு மண்டியில்
இந்த நிமிஷமும் அவர் டெவலப்பர்.
நான் இங்கே
எஃப் டென் விசை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று
கடை கடையாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.